அண்ணி போட்ட ஜாமீன்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. அந்த மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். கணக்கரிடம் போய்க் கேட்டாள்.

"கோர்ட் உத்தரவு வந்திருக்கும்மா. கொழுந்தனோட வேன் கடனுக்கு நீங்கதானே ஜாமீன் கையெழுத்து போட்டீங்க? அவர் கட்டல. கடன் தீர்ற வரைக்கும் உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

கையெழுத்துப் போடச் சொன்னவன் கணவன்தான். சும்மா பேருக்கு என்றிருந்தான்.

கொழுந்தனுக்குப் போன் செய்தாள். "இன்ஜின் போயிடுச்சு அண்ணி. வேன் மாசக்கணக்கா ஷெட்ல தூங்குது. நான் எங்க போய்க் கட்டுவேன்?" குரல் தழுதழுத்தது. ஆனால் பின்னணியில் வண்டிகளின் இரைச்சல் ஓயாமல் கேட்டது.

மறுநாள் காலை கணவனிடம், "நேர்லயே பாத்துட்டு வந்துடறேங்க" என்றாள்.

"எதுக்கு வீண் அலைச்சல்? அவன் பொய்யா சொல்லுவான்?" என்றவன், போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான்.

ஷெட்டில் வேன் தார்ப்பாய்க்குள் இருந்தது. கொழுந்தன் வாசலிலேயே நின்றான்.

"வாங்க அண்ணி. உங்களத்தான் எதிர்பாத்துட்டிருந்தேன்."

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். அவள் தார்ப்பாயைத் தூக்கி இன்ஜின் மூடியில் கை வைத்தாள். சுட்டது. சக்கரத்தில் ஈரச் சேறு.

"அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாப்பேன்" என்றான்.

"ஷெட்டுக்குள்ள ஏதுடா சேறு?"

அவன் தார்ப்பாயை இழுத்து மூடினான். அவள் அங்கிருந்து நேரே வங்கிக்குப் போய் வேன் நிற்கும் இடத்தைச் சொன்னாள். "இதைத்தாம்மா தேடிட்டிருந்தோம்" என்றார் கடன் அதிகாரி.

வேனை இழுத்துப்போய் ஏலம் விட்டார்கள். கடன் முழுதும் தீரவில்லை. மிச்சத்துக்குக் கொஞ்சமாகப் பிடித்தம் தொடர்ந்தது. கொழுந்தன் வீட்டுக்கே வந்து, "கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே அண்ணி" என்று சண்டை போட்டான். கணவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொழுந்தன் போனபின் கணவனிடம் கேட்டாள். "வேன் ஓட்டின காசுல உங்களுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"சத்தியமா சல்லிக்காசு வாங்கல. கூடப் பொறந்தவனாச்சேன்னு நீ வர்றதைச் சொல்லித் தொலைச்சேன்."

உண்மையாகவும் இருக்கலாம். பாதி நம்பினாள். மீதிப் பாதிக்காக, அலமாரியில் இருந்த தன் ஏடிஎம் அட்டையை எடுத்து, வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான்.