கர்க்கடகத்தில் ஒரு கோடை உறக்கம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடித் தொட்டி வந்தது தொண்ணூற்றாறில். மேனேஜர் தாணுலிங்கம் திருவனந்தபுரத்தில் சொல்லிச் செய்வித்தது. அவருடைய தாத்தா மகாராஜா காலத்துக் கச்சேரியில் கணக்கெழுதியவர். அப்பா பள்ளிக்கூடம் கட்டியவர். தாணுலிங்கம் அந்த இரண்டு பேரையும் பற்றிப் பேசுகிறவர். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் அப்பாவின் பெயரும் பெருமையும் சிவப்புப் பெயின்டில் ஏறியாகிவிட்டன. உள்ளே என்ன விடுவது என்றுதான் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தது சுஜா டீச்சர். தமிழ் மீடியம் ஐந்தாம் வகுப்புக்கு லீவு வேக்கன்சியில் வந்தவள். யாராவது பிரசவத்துக்குப் போனால் வேலை, திரும்பி வந்தால் வீடு. இந்த வருஷம் ஒருவர் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு கல்ஃபுக்குப் போயிருந்தார். நிரந்தர இடம் ஒன்று காலி. மற்ற பள்ளிக்கூடங்களில் வேலை கொடுக்க மேனேஜர்மார் ரொக்கம் கேட்பார்கள். தாணுலிங்கம் பைசா தொடமாட்டார், மரியாதை மட்டும்தான் கேட்பார். ரொக்கம் கொடுத்தவன் ஒருநாள் கொடுத்துத் தீர்த்துவிடுவான். மரியாதை அப்படித் தீருகிற சரக்கல்ல.

ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் வயல்சாலில் மிதந்த தவளை முட்டைகளை, வகுப்பிலேயே வாய்த்துடுக்கான தன்யா, சோற்றுப் பாத்திரத்தில் அள்ளிவந்தாள். அன்று அவள் சோறு வாழையிலையில். புத்தகத்தில் தலைப்பிரட்டை என்று போட்டிருந்தது பிள்ளைகள் வாயில் வால்மாக்கிரி. அவித்த கீரையைத் தின்று அவை பெருத்தன. பின்கால் வந்தது, முன்கால் வந்தது, வால் சுருங்கியது. சுஜா தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, நடுவில் ஒரு செம்பாறைக் கல்லை வைத்தாள். குட்டித் தவளைகள் அதில் ஏறி, பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களைப் போல ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. மணியடிக்கும் முன்பே வகுப்பு நிறைந்தது அந்த நாட்களில்தான்.

அடைமழை மாதமான கர்க்கடகத்தில் அப்பாவின் திதி. அன்றைக்குத் தொட்டித் திறப்பு விழா என்று மேனேஜர் முடிவு செய்தார். கல்வி அதிகாரி வருகிறார், வீடியோக்காரன் வருகிறான். காலையிலேயே மேனேஜர் வகுப்புக்குள் வந்து தொட்டியைப் பார்த்தார். முகம் சுண்டியது.

“இது என்னது டீச்சறே, நடுவில ரோட்டுப்பணிக்குக் கொட்டின கல்லு மாதிரி? அப்பாக்க பேரு மறையுதே.”

“தவக்களைக்கு ஏறி இருக்க வச்சதாக்கும், சாறே.”

“வெள்ளமும் பாதிதான் உண்டு. தொட்டி ஒழுகுதுண்ணு ஆளுவ நெனைக்கும். அப்பா எதையும் பாதி அளந்தவரில்ல. கல்லை எடுத்துப்போட்டு நெறச்சு விடும். மேல கண்ணாடி மூடியும் வையும். அதிகாரிக்க மேல ஒண்ணும் சாடப்பிடாது.”

“சாறே, அதுக்கு இப்ப செவுள் போயாச்சு. மூச்சுக்கு மேல வரணும். இருக்க எடமில்லண்ணா முங்கிச் செத்துப்போவும்.”

தாணுலிங்கம் வாசலில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் ரத்னபாயைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியளா? தவக்களை வெள்ளத்தில முங்கிச் சாவுமாம். பி.எஸ்ஸி படிச்ச ஆளாக்கும் சொல்லுது.”

அவர் போனதும் ரத்னபாய் பக்கத்தில் வந்தாள். “சுஜா, தவக்களை இன்னும் வயல்ல உண்டு. வேக்கன்சி ஒண்ணுதான் உண்டு. சாறுக்க அக்கா மவளும் பி.எட். முடிச்சாச்சு, மறந்துப்போடாதே.”

சுஜா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கல் அசைந்ததும் தவளைகள் ஒவ்வொன்றாக வழுக்கி வெள்ளத்தில் விழுந்தன. வாளி வாளியாக ஊற்றி விளிம்புவரை நிறைத்தாள். மூடியை வைத்தாள். அதற்கு மேல் சரிகைக் கரை போட்ட மேல்துணியான பாலராமபுரம் கசவு நேரியதை மேனேஜர் தம் கையாலேயே போர்த்தினார்.

“டீச்சர், கல்லை எடுத்தா அது எங்க இருக்கும்?” என்றாள் தன்யா.

“பேசாம இரி, மக்கா.”

காலையில் வரவேண்டிய அதிகாரி, சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். பிரார்த்தனை, வரவேற்பு, பொன்னாடை. மேனேஜர் தாத்தாவில் தொடங்கினார். அப்பா பிறப்பதற்கே நேரம் பிடித்தது. சுஜா நேரியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் ஒரு முனையைத் தூக்கினால் போதும். ஆனால் அது அதிகாரி தூக்கவேண்டிய முனை.

அதிகாரி தூக்கினார்.

சிவப்பு எழுத்துகள் ஒன்று விடாமல் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் குட்டித் தவளைகள் வெள்ளை வயிற்றை மேலே காட்டி மிதந்தன. கை தட்டலாமா என்று யாருக்கும் புரியவில்லை. ஏன் அசையவில்லை என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார். மேனேஜர் சுஜாவைப் பார்த்தார். ரத்னபாய் மைக்கை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“கோடை உறக்கம், சார்,” என்றாள் சுஜா.

வெளியே கர்க்கடக மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அதிகாரி சரித்திரம் படித்தவர். தலையை ஆட்டினார். இப்படி ஓர் அபூர்வக் காட்சியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிய நிர்வாகத்தைப் பாராட்டினார். உறங்கும் உயிரைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று அவர் விரலை உதட்டில் வைக்க, மேனேஜரும் வைத்தார், ரத்னபாயும் வைத்தாள். பின்னால் பிள்ளைகளும் வைத்தார்கள். வீடியோக்காரன் மட்டும் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படம்பிடித்தான்.

“சமயத்துக்குச் சொன்னியே, பிள்ளே. இந்த மாதிரி ஆளாக்கும் நமக்கு வேண்டியது,” என்றார் தாணுலிங்கம், அதிகாரியின் கார் போன பிறகு.

ஓணம் கழிந்து ஆர்டர் வந்தது. சுஜா நிரந்தர டீச்சராக வகுப்புக்குள் நுழைந்தாள். கழுவித் துடைத்த தொட்டி ஜன்னலோரம் காலியாக நின்றது. பரீட்சை நெருங்கியிருந்ததால் பழைய பாடத்தைத் திருப்பினாள்.

“வளர்ந்த தவளையைக் கல்லில்லாத வெள்ளத்தில் விட்டால் என்ன ஆகும்? ஆரு சொல்லுவா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. தன்யா எழுந்தாள். முகத்தில் கேலி இல்லை, துடுக்கும் இல்லை. மார்க்கு எதற்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும் கவலை மட்டும் இருந்தது.

“டீச்சர், கண்டதை எழுதணுமா, மைக்கில சொன்னதை எழுதணுமா?”

சுஜா கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். சாக்பீஸை எடுத்துத் தேதியை எழுதினாள்.

“ரெண்டையும் படிச்சு வச்சுக்கோ, மக்கா,” என்றாள். “எந்த சாறு பேப்பர் திருத்துவாருண்ணு தெரியாது.”

தன்யா உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். பக்கத்திலிருந்தவர்களும் அவளைப் பார்த்து எழுதினார்கள்.