தூரத்து அப்பா

தீவின் கப்பல் துறையான ஹாடோ ஜெட்டியில், சென்னைக்குப் போகும் கப்பல் நின்றிருந்தது. கடலூரில் மகன் சுதாகர் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று அன்பழகன் பெட்டியைக் கட்டிவிட்டார். இருங்கள் என்று மகள் தமிழரசி சொல்லவில்லை. போகட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. அவர் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பக்கா போறீங்களா?"

"பக்கா. சுதாகர் காத்துக்கிட்டிருக்கான். நீ ஆபீசுக்கு ஜல்தி கெளம்பும்மா."

இதே ஜெட்டியைத்தான் அப்பா ஒரு காலத்தில் பொங்கல் விழா நாடகத்துக்குப் படுதாவில் வரைந்தார். படுதாவும் அவர்தான், கதாநாயகனும் அவர்தான். அவ்வளவு ஆள் பஞ்சம். இரண்டு பக்கமும் கடைகள் போகப் போகச் சிறுத்து, கடைசியில் தீப்பெட்டி அளவில் ஒரு கப்பல். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வம்பு எங்கே வந்ததென்றால், கதைப்படி நாயகன் அந்தக் கப்பலுக்கு நடந்து போக வேண்டும். ஒத்திகையில் அப்பா படுதா அருகே போனதும் கடைக்கூரை அவர் இடுப்புக்கு நின்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாளே தன் கட்டம்போட்ட சட்டை மாதிரியே தமிழரசிக்கு ஒரு குட்டிச் சட்டை தைத்து, கையில் குட்டிக் குடையும் கொடுத்தார். அவர் மேடையோரம் மறைந்ததும், பின்னாலிருந்து இவள் வெளிப்பட்டுப் படுதாவை ஒட்டி நடப்பாள். தூரத்தில் போகிற அப்பா அவள்தான்.

"திரும்பிப் பாக்காத கண்ணு. மூஞ்சி தெரிஞ்சா குட்டு ஒடஞ்சிரும்."

அவள் திரும்பியதே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் மூக்கைச் சிந்துவது கேட்கும். என்ன பெருமை அப்போது! தலை கடைக்கூரையை முட்டும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் அப்பாவாக இருந்தாள்.

அப்பா பெட்டியும் குடையுமாக கேட்டைத் தாண்டி நடந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டம்போட்ட சட்டை சிறுத்துக்கொண்டே போனது. விறைப்பான நடை, திரும்பாத தலை. மேடையில் அவள் நடந்த அதே நடை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் நடிக்கிறார்!

ரோஷமாவது மண்ணாவது.

"அப்பா! திரும்புங்கப்பா!"

கப்பல் படி அருகே அவர் திரும்பினார். அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

"கர் சலோப்பா! நம்ம வீட்டுக்கு வாங்க!"

திரும்பி வருகிற காட்சியை அந்த நாடகத்தில் வைக்க முடிந்ததே இல்லை. இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா ஜெட்டியில் நடந்து வந்தார், அடிக்கு அடி பெரிதாகிக்கொண்டே.