புளித்த பசை

ஹெட்விக் அம்மா கத்தியை இறக்கையின் இணைப்பில் வைத்து லேசாக அழுத்தினாள். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல அது பிடிவரை இறங்கியது. அவள் அதை உருவவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த இணைப்புக்குப் பசை பூசியவள் நான்.

போருக்கு முன் அது அலமாரி செய்யும் பட்டறை. நாற்பத்தைந்தாம் ஆண்டு ஜனவரியில் அங்கே போர் விமானங்களுக்கு மர இறக்கை செய்துகொண்டிருந்தோம். நல்ல பசை செய்த ஆலை குண்டுவீச்சில் எரிந்த பிறகு, வேறெங்கிருந்தோ பீப்பாய்களில் புதுப் பசை வந்தது. திறந்தாலே மூக்கைச் சுடும் புளிப்பு. பூசிய அன்று கல்லாக இறுகும்; பத்தே நாளில் மரத்தைக் கருக்கித் தின்றுவிடும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போலந்திலிருந்து வேலைக்குப் பிடித்துவரப்பட்ட எங்களில் யார் வாய் திறப்பது? போன மாதம் சில திருகாணிகள் வளைந்திருந்தன என்று இரண்டு இத்தாலியர்களைப் பட்டறை வாசலிலேயே தூக்கில் போட்டார்கள். அந்த வாசல் வழியாகத்தான் நாங்கள் சூப்பு வாங்கப் போனோம்.

ஹெட்விக் அம்மா இறக்கைகளைச் சோதித்து முத்திரை குத்துபவள். கணவனை ரஷ்யப் பனியில் பறிகொடுத்தவள். பசை சிந்தியதற்காக என்னை ஒருமுறை அறைந்திருக்கிறாள். அவளிடம் இரக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் அளவாத்தான் பூசினேன்மா," என்றேன்.

"வாய மூடு, ப்ரோனியா."

நேரே மேற்பார்வையாளர் நீபெலின் மேசைக்குப் போனாள்.

"மூணு றெக்கையும் உளுத்துப் போச்சு. முத்திரை போட மாட்டேன்."

"போடாத," என்றார் அவர் தலை நிமிராமல். "ஆனா காரணம் எழுதணும். எழுதினா போலீஸ் வரும். பசையவா இழுத்துட்டுப் போவாங்க? பூசினவளத்தான் இழுத்துட்டுப் போவாங்க."

"போட்டா?"

"போட்டா பறக்கும்."

"எவ்வளவு நேரம்?"

நீபெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியம் இறக்கைகளை ஏற்றிப்போக லாரி வந்தது. கூடவே ஒரு விமானியும் வந்தான். இருபது வயதிருக்கும்; முகப்பரு இன்னும் ஆறவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டுவதுபோல இறக்கையைத் தட்டினான்.

"போன வாரம் என் கூட்டாளிக்கு றெக்கை தனியா பறந்துச்சும்மா, அவன் தனியா பறந்தான்," என்று சிரித்தான். "இது எனக்கு. ரெண்டு பேரும் சேந்தே போவோம்ல?"

ஹெட்விக் அம்மா முத்திரையைக் கையில் எடுத்தாள். குத்து, குத்து என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்று இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் செத்தாலும் பரவாயில்லை, நான் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் முத்திரையை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கோடரியை எடுத்தாள். முதல் வெட்டில் இறக்கை இரண்டாகப் பிளந்தது. அடுத்ததை வெட்டினாள். அதற்கடுத்ததையும் வெட்டினாள். ஒருவரும் அசையவில்லை.

"என் புருஷன தின்னீங்கல்ல! இந்தா, இதையும் தின்னுங்க! நான்தான் உடைச்சேன், எழுதிக்குங்க!"

விசில் அடித்தபடி காவலர்கள் ஓடிவந்து அவள் கைகளை முறுக்கினார்கள். விமானி குனிந்து ஒரு துண்டை எடுத்தான். அதன் ஓரம் அவன் விரல்களுக்கிடையே கறுப்புத் தூளாக உதிர்ந்தது.

"இத யாரு ஒட்டினது?"

என் தூரிகையிலிருந்து பசை தரையில் சொட்டியது.

"ஒட்டினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி," என்றாள் ஹெட்விக் அம்மா மூச்சிரைக்க. "நான்தான் உடைச்சேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு, கையில் தூரிகையோடு நின்ற என்னைப் பார்த்தான்.

"என்ன சார் அது?" என்று காவலர் தலைவன் கிட்டே வந்தான்.

விமானி உள்ளங்கையை மூடிக்கொண்டான். "ஒண்ணுமில்ல. நல்ல மரம். வீணாப் போச்சு."

மேலங்கியைக்கூட எடுக்கவிடாமல் அவளைப் பனியில் இழுத்துப் போனார்கள். என்ன செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீபெல் இயந்திரங்களை ஓட்டச் சொன்னார். புதுப் பீப்பாயை நான்தான் திறந்தேன்.

சன்னல் வழியே லாரி கிளம்புவது தெரிந்தது. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. விமானி பின்னால், இறக்கைகளுக்காக விரித்த வைக்கோலின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் கை இன்னும் மூடியே இருந்தது.