பின்பாதியில் ஒரு பந்து

நான்கு பேர் இருந்தோம், எங்கள் கல்லூரியின் விளையாட்டு விதிமுறை அலுவலர் ப்ரூவிட் மேடம், கோச் ஹக்ஸ்டன், லாரியை வாசலில் ஓரங்கட்டிவிட்டு வந்த அப்பா, நான், என் வலது முழங்கையைத் தனியாக எண்ணினால் ஐந்து, பேச்செல்லாம் அதைப் பற்றித்தானே... மேடம் தாளைப் பின்னால் திருப்புகிறார், மறுபடி முன்னால், பதில் மாறாதென்று தெரிந்தவர் ஏன் திருப்ப வேண்டும்? கான்சஸில் ஒரு கல்லூரி என்னைக் கேட்கிறது, தைத்த கையோடே வா, பேஸ்பால் வீச இன்னும் ஒரு வருடம் உனக்குப் பாக்கி இருந்தால் போதும் என்கிறார்கள். கல்லூரி அணியில் ஆட ஒருவனுக்கு நான்கு வருடம்தான், நான்கும் ஆடியாகிவிட்டது, ஆனால் காயத்தில் இழந்த வருடத்தைத் திருப்பித் தருவதுண்டு, மார்ச்சிலேயே தசைநார் கிழிந்தது, அதுவரை ஆறே ஆட்டம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“அதுக்கு சீசனோட பின்பாதியில ஒரு ஆட்டத்துலகூட எறங்கியிருக்கக் கூடாது, வேட்,” என்றார் மேடம். “நீ மே பதினொண்ணு எறங்கியிருக்கப்பா.”

“அது சும்மா விளையாட்டுக்கு மேடம், இடது கையால உருட்டிவிட்டான், இங்க பாருங்க,” என்று அப்பா போனில் வீடியோவைக் காட்டினார். பாவம், எங்களுக்கு எதிரான சாட்சியை அவரே எடுத்துக் கொடுக்கிறார். கடைசி வருடப் பையன்கள் பெற்றோரோடு மைதானத்தில் நடக்கும் நாள் அது, அம்மா கையில் பூங்கொத்து, கோச் என் காதருகே வந்து, “போய் ஒண்ணே ஒண்ணு போடு தம்பி, மட்டையோட நிக்கிற அந்தப் பய அடிக்க மாட்டான், அவங்க கோச்கிட்ட பேசிட்டேன்” என்றார், பந்து தரையில் இரண்டு முறை குதித்துப் போனது, நடுவர் அதையும் சரியான பந்தாக எண்ணி ஸ்ட்ரைக் என்று கத்தினார், ஊரே எழுந்து கைதட்டியது, யாரோ அதை ஸ்கோர் புத்தகத்தில் ஒழுங்காக எழுதியும் வைத்தான்.

“எனக்கு அப்ப தோணவே இல்ல, சார்,” என்றார் கோச் அப்பாவிடம்.

“முப்பது வருஷமா கோச்சு, தோணலையாம்! என் லாரிக்கு இருக்குற மூளைகூட இல்லையா உனக்கு?”

கோச் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மேல்முறையீடு செய்யலாம், தள்ளிவிடுவார்கள் என்றார் மேடம், சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக அவரைப் பிடித்தது. ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்ட வேண்டும், எழுந்தோம்.

வாசல்வரை அப்பா திட்டிக்கொண்டே போனார், கோச் தலைகுனிந்து வாங்கிக்கொண்டே நடந்தார், நான் குறுக்கிடவில்லை. மார்ச்சில் மேடம் கொடுத்த தாளில் இந்த விதி இருந்தது, மூன்றாவது வரி, படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று மைதானத்து எல்லையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி இறங்கும்போது அந்த வரி நினைவுக்கு வந்ததா? வரவில்லை என்று இரண்டு வாரமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்... கைதட்டல் அதற்குள் தொடங்கியிருந்தது, காதை அடைக்கும் சத்தம், வந்திருந்தாலும் திரும்பியிருப்பேனா? “பாத்துப் போப்பா” என்று மேடம் சொன்னார், என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.