பதினோராம் அத்தியாயத்தை எழுதியவள்

புத்தகம் அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கும்போது யோகெவெத் அந்த விஷயத்தைச் சொன்னாள். சொன்ன இடமும் அதற்கு ஏற்ற இடமில்லை. கிவாத் ஷவுல் பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில், பக்கம் அமைக்கும் ஷ்மரியாவின் அறையில், கீழேயிருந்து ரப்பர் வாடை ஏறிக்கொண்டிருந்த மத்தியானம் அது. ஷ்மரியா பிற்பகல் ஜெபத்துக்கு இறங்கிப் போயிருந்தார். டயர் கடையில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள், கூட்டு ஜெபம் தொடங்கப் பத்தாவது ஆள் வேண்டும் என்று யாரோ கீழிருந்து கத்தினார்கள். "நான் வர்றதுக்குள்ள எதையாச்சும் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன் டீச்சரம்மா" என்று பெனினாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேஜையில் திருத்தப் பிரதி விரிந்து கிடந்தது. யோகெவெத் பதினோராம் அத்தியாயத்தைக் கையில் வைத்திருந்தாள்.

"பெனினா, இதை எழுதினது யாரு?"

"இது என்ன கேள்வி? நீதான்."

"நான் எழுதினது ஞாபகம் இருக்கு. ஆனா எழுதின அந்தப் பொம்பளையை எனக்குத் தெரியல."

பெனினா சிரித்தாள். தோழி எப்போதும் இப்படித்தான் ஏதாவது கோணலாகப் பேசுவாள். நாலு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் பெனினாவின் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் எழுதிய புத்தகம் அது. 'மீதி ஆறு நாள்' என்று பெயர். வாரத்தின் ஓய்வு நாளான சபாத் அன்று கடவுளை நினைப்பது பெரிய காரியமில்லை, பாத்திரம் தேய்க்கிற நாளில், பஸ்ஸுக்கு நிற்கிற நாளில் அவரோடு எப்படி இருப்பது என்பதுதான் விஷயம். பெண்கள் பள்ளியில் இருபத்தேழு வருஷம் வேதம் நடத்திய பெனினாவுக்கு எந்த வசனம் எங்கே இருக்கிறது என்பது விரல் நுனியில். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்காருகிற யோகெவெத்துக்கு மேற்கோள் ஒன்றும் உருப்படியாக வராது. ஆனால் அவள் கை பட்டால் எழுத்து எழுந்து நடக்கும். "உன் பக்கத்தைப் படிச்சா கொட்டாவி வருது, என் பக்கத்தைப் படிச்சா அழுகை வருது. புத்தகத்தோட ஒரு கைக்குட்டை இலவசம்னு போட்டுடலாம்டி" என்பாள்.

இரண்டு பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. ஒருவர் படிப்பு போதவில்லை என்றார், இன்னொருவர் படிப்பு அதிகம் என்றார். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று இறங்கினார்கள். பேட்டை ஜெப ஆலயத்து ரபி நாலு வரியில் வாழ்த்துக் கடிதமும் கொடுத்துவிட்டார். அவர் முழுதாகப் படித்தது பதினோராம் அத்தியாயம் ஒன்றைத்தான். யோகெவெத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருஷமும் தினம் பாத்திரத் தொட்டி முன் நின்று கடவுளோடு பேசியதையும், பதில் வராத ஒரு நாளில்கூட அவர் கேட்கவில்லை என்று தனக்குத் தோன்றாததையும் அதில் எழுதியிருந்தாள்.

"நான் விளையாடல" என்றாள் யோகெவெத். "பூரிம் பண்டிகை முடிஞ்சு ரெண்டாம் நாள். காலைல எந்திரிச்சு கை கழுவினேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். எதிர்ல யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா?"

"போன்ல பேசிட்டே இருப்போம், அந்தப் பக்கம் எப்பவோ கட்டாகியிருக்கும். தெரியாம நாம பாட்டுக்குப் பேசிட்டிருப்போமே. அந்த மாதிரி. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப அஞ்சு மாசமாச்சு."

பெனினாவின் கையில் இருந்த சிவப்புப் பேனா அப்படியே நின்றது. "அஸ்ரியேலோட சண்டையா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது?"

"அவரோட யாரால சண்டை போட முடியும்? பசுமாடு மாதிரி மனுஷன்."

"அப்ப உடம்பு. இந்த வயசுல இப்படியெல்லாம் வரும்டி. ரத்த டெஸ்ட் பண்ணிப் பாரு."

"பாத்துட்டேன். இரும்புச்சத்து பிரமாதமா இருக்காம்."

"ஏதாவது நடந்திருக்கணுமே யோகெவெத். காரணம் இல்லாம எப்படி?"

"ஒண்ணும் நடக்கல. அதான் எனக்கு பயமா இருக்கு. ஒன்பது வருஷம் ஒண்ணுமே குடுக்காதப்போ பக்கத்துல இருந்தார். இப்ப வீடு நிறைஞ்சிருக்கு, அவரைக் காணோம்."

மாடிப்படியில் ஷ்மரியாவின் செருப்புச் சத்தம் கேட்டது. யோகெவெத் பெனினாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. உன் வீட்டுக்காரர் நஹும்கிட்டகூட சொல்லாத. ஷிஃப்ராவுக்கு வரன் பேசிட்டிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காத்து வாக்குல போனாலும் என் பொண்ணு கதை முடிஞ்சுது."

"புத்தகம்?"

"போடு. எழுதினப்போ பொய் சொல்லல. என் பேரு இருக்கணுமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு. எனக்கு எதையும் முடிவு பண்ணத் தெம்பு இல்ல."

அச்சுத் தேதியைப் பெனினா இரண்டு வாரம் தள்ளிப் போட்டாள். கணவன் நஹும் ஏன் என்று கேட்டபோது மேற்கோள் சரிபார்க்கணும் என்று சொன்னாள். முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று கூடியது.

உடைந்த சாமானைக் கண்டால் பெனினாவுக்குக் கை சும்மா இருக்காது. தோழியை, பழைய ஆலயத்தின் மிச்சமான மேற்குச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். யோகெவெத் மறுப்பு சொல்லாமல் வந்தாள், நெற்றியைக் கல்லில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது பெனினா அவள் முகத்தையே பார்த்தாள்.

"கல்லு ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள் யோகெவெத். அப்புறம் பெனினாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோடி. நான் மனசார முயற்சி பண்ணினேன்" என்றாள்.

பெனினா பழைய ஞானிகளின் நூல்களில் இதே நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று தேடி, பன்னிரண்டு இடங்களைக் குறித்து எடுத்துக்கொண்டு போனாள். யோகெவெத் ஒவ்வொன்றையும் கவனமாகப் படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க" என்றாள், ஆஸ்பத்திரியில் பல் வலிக்காரர்களிடம் பேசுகிற அதே இதமான குரலில். அந்தக் குரல் பெனினாவைச் சுட்டது.

தோழியின் பெயரில் பொய் நிற்க வேண்டாம் என்று கடைசியில் ஒரு யோசனை வந்தது. யோகெவெத்தின் அத்தியாயங்களைத் தானே திரும்ப எழுதிவிடலாம், 'ஒரு பெண்' என்று போட்டுவிடலாம். பத்து நாள் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் வந்தது, பாத்திரத் தொட்டி வந்தது, சரியான வசனங்களும் வந்தன. பிரதியைக் கொண்டுபோய் ஷ்மரியாவிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார்.

"செத்தது யாரு?" என்றார்.

"என்ன?"

"முன்னாடி இருந்ததுக்கு மூச்சு இருந்துச்சு. இது பொணம். நான் சமையல் புத்தகம், கல்லறைப் பட்டியல் எல்லாம் பக்கம் பண்ணினவன். எனக்கு எதைப் பத்தியும் அபிப்பிராயம் கிடையாது. ஆனா பதினொண்ணாவதை என் பொண்டாட்டிக்கு எடுத்துட்டுப் போய் வாசிச்சுக் காட்டினேன். அதை எடுத்தீங்கன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க."

பெனினா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, தான் எழுதிய தாள்களைப் பார்த்தாள். அவற்றில் கடவுளின் பெயர் இருந்ததால் குப்பையில் போட முடியாது. ஜெப ஆலய வாசலில், அடக்கம் செய்யவேண்டிய பழைய தாள்களுக்காக வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். புத்தகம் பழைய அத்தியாயங்களோடு, இரண்டு பேர் பெயரோடும் அச்சானது.

அடுத்த மாதம், எலூலில், ஜெப ஆலயத்தின் அடித்தள மண்டபத்தில் வெளியீடு வைத்தார்கள். அறுபது எழுபது பெண்கள். பெனினா கால் மணி நேரம் பேசினாள், பெண்கள் நாகரிகமாகக் கேட்டார்கள். யோகெவெத் எழுந்தாள். பேச மாட்டாள், ஏதாவது சாக்கு சொல்லிவிடுவாள் என்றுதான் பெனினா நினைத்திருந்தாள். அவள் பதினோராம் அத்தியாயத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்தாள், அவ்வளவுதான். வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பெனினா மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். எழுந்து போகவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

முடிந்ததும் மெலிந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சிப்போரா என்று பெயர். அவளுடைய ஆறு வயது மகள் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். முன்கூட்டியே ஒரு பிரதி வாங்கிப் படித்திருக்கிறாள். யோகெவெத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, குழந்தை பக்கத்துல உக்காந்து உங்க அத்தியாயத்தைத்தான் படிக்கிறேன். நீங்க அவரோட பேசற மாதிரி எனக்குப் பேச வரல. எனக்காக நீங்க கேளுங்க. சிப்போரா மகள் அவிகாயில். மறந்துட மாட்டீங்களே?"

"மறக்க மாட்டேன்மா" என்றாள் யோகெவெத். ஒரு காகிதத்தில் பெயரை எழுதியும் வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தின் பின்கட்டில், நாற்காலி அடுக்கி வைத்திருந்த இடத்தில், அந்தக் காகிதத்தைப் பெனினாவிடம் நீட்டினாள்.

"இதை நான் என்னடி பண்ணட்டும்? வெச்சிருந்தா திருட்டு. கிழிச்சா கொலை. நீ கேளு. உனக்குத்தான் இன்னும் லைன் இருக்கு."

பெனினா வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

அதற்கப்புறம் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. புத்தகம் வாய்வழியாகப் பரவியது. பல் ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து பெயர் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை யோகெவெத் வந்து ஒரு கட்டுக் காகிதம் வைத்துவிட்டுப் போவாள். பெனினா காலையில் சங்கீதம் படித்து முடித்து, ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். அவிகாயிலின் பெயர் முதலில் வரும். கடைசியில், எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு பெயரையும், வழக்கப்படி தாயின் பெயரோடு சேர்த்து, சொல்வாள். சாரா மகள் யோகெவெத். சொல்லும்போது சில நாள் கோபம் வந்துவிடும். ஊர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காது கொடுக்கிறவர், ஒன்பது வருஷம் தொட்டி முன் நின்றவளை இப்படி நடுவழியில் விட்டுப் போகலாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு, தனக்கும் எதிரே யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயந்து, அவசரமாக அடுத்த பெயருக்குப் போய்விடுவாள்.

குளிர்கால விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு முந்தின வாரம் சிப்போரா யோகெவெத் வீட்டுக்கே வந்தாள். பெனினாவும் அப்போது அங்கே இருந்தாள். அவிகாயிலின் ரத்தத்தில் இப்போது நோய் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள், வந்ததும் அண்ணனைக் கடித்தாளாம். சிப்போரா சிரிப்பும் அழுகையுமாக, தானே செய்த தேன் கேக்கை மேஜையில் வைத்துவிட்டு யோகெவெத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க ஜெபம்தான் அக்கா. எனக்குத் தெரியும், உங்க ஜெபம்தான்."

யோகெவெத்தும் அழுதாள். அது நடிப்பில்லை என்பது பெனினாவுக்குத் தெரிந்தது. அவளுக்குள் ஒன்று குதித்தது. இதுதான், இதற்காகத்தான் இத்தனை மாதமும், இனி திரும்பிவிடும் என்று நினைத்தாள். சிப்போரா போனதும் யோகெவெத் சமையலறைக்குள் போனாள். பாத்திரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெனினா கூடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து யோகெவெத் வந்தாள்.

"வந்துச்சா?" பெனினாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

யோகெவெத் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அந்தக் குட்டி பொழைச்சதுல எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோஷம். யாருக்காவது நன்றி சொல்லணும்னு வாய் துடிக்குது. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல." மேஜையில் இருந்த கேக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "உனக்குச் சொல்றேன். நீதான அவளுக்காகக் கேட்டே."

"எனக்குச் சொல்லாதடி" என்றாள் பெனினா.

"ஷ்மரியா போன் பண்ணினார்" என்றாள் யோகெவெத். "முதல் அச்சு தீந்துபோச்சாம். ரெண்டாவது போடலாமான்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"டீச்சரம்மாவைக் கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

கேக்கை வெட்டி இரண்டு தட்டில் வைத்தாள். தன் துண்டைக் கையில் எடுத்து, சாப்பிடுமுன் சொல்லவேண்டிய ஆசீர்வாதத்தைச் சொன்னாள். நாற்பது வருஷப் பழக்கமோ, எதிரே பெனினா உட்கார்ந்திருந்ததற்காகவோ, தெரியவில்லை. ஒரு சொல்லும் விடாமல், நிதானமாகச் சொன்னாள். ஆசீர்வாதத்தைக் கேட்டவர் ஆமென் சொல்லியாக வேண்டும்.

"ஆமென்" என்றாள் பெனினா.

இருவரும் சாப்பிட்டார்கள். கேக்கில் தேன் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.