ஜர்பூவும் பழந்தின்னி வௌவாலும்

முஸ்பிறா கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர். புருஷன் நளீம் சவூதிப் பாலைவனத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினான். பவுசர் வெளிச்சத்தில் துள்ளிய ஓர் எலியை ஒருமுறை வீடியோ எடுத்து அனுப்பினான். கங்காருவுக்குப் போல நீண்ட பின்கால், நுனியில் குஞ்சம் வைத்த வால். அரபிகள் அதை ஜர்பூ என்பார்களாம்.

பதிலுக்கு அவள் பின்வளவு மருத மரத்தில் தொங்கிய பழந்தின்னி வௌவால்களைக் காட்டினாள். அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. அன்றிலிருந்து போன் எடுத்தால் இதே வழக்குத்தான்.

"என்ட ஜர்பூ தண்ணியே குடிக்காது. வேரையும் விதையையும் திண்டே சீவிச்சிரும். உன்ட வௌவால் ஊராக்கள்ற மாம்பழத்தையெல்லாம் நாசம் பண்ணுது."

"வௌவால் ஒரு குட்டிதான் போடும். அத நெஞ்சில ஒட்ட வெச்சிக்கிட்டே பறக்கும். உங்கட எலி புள்ளைகள வளைக்குள்ள போட்டுட்டு ஓடித் திரியும்."

"இரை தேடத்தானே போகுது, புள்ள?"

இருவரும் சிரிப்பார்கள்.

மகள் பிறந்தாள். ஹப்ஸா என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்த கையோடு காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் விடியும் சுபஹு வேளை மூச்சு அடங்கிவிட்டது. அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். நளீம் இருந்த இடத்தில் சிக்னல் இல்லை. அவன் அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்ட மகள்ற முகத்த நேர்ல ஒருக்காக் கூட..." அவன் விம்மினான்.

"வளைக்குள்ள போட்டுட்டுப் போனவங்களுக்கு முகம் எதுக்கு?"

போனை வைத்துவிட்டு முஸ்பிறா கதறினாள். சொன்ன சொல்லை அள்ள முடியுமா? அதன்பின் அவன் எடுத்தபோதெல்லாம் பேச அவளுக்கு நா எழவில்லை.

முதலாளி லீவு கொடுக்க மாதக் கணக்கானது. வந்திறங்கியவன் பேக்கை வாசலில் போட்டுவிட்டு நேரே மகளை அடக்கிய மையவாடிக்கு நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை; கேற்றடியில் நின்றுகொண்டாள்.

புதைகுழிகளின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டைகளுக்கு நடுவே நளீம் திகைத்துப்போய்த் திரும்பினான்.

"எது முஸ்பிறா?"

"எனக்கும் தெரியா மச்சான். என்னையும் உள்ள போக உடல்ல."

பிள்ளையைக் குழிக்குள் இறக்கிய அவளுடன் பிறந்த காக்காவுக்குப் போன் எடுத்தான். அவர் வழி சொல்லச் சொல்ல நடந்து, கடற்கரைப் பக்க மதிலோரம் ஒரு சின்ன மேட்டின் முன் குந்தினான். நெடுநேரம் எழும்பவில்லை. பிறகு கேற்றடிக்கு வந்தான்.

"நான் கதைச்சதப் பொறுத்துக்கங்க மச்சான்."

அவன் அவள் கையைப் பிடித்தான்.

"வா. நீயும் பாரு."

முஸ்பிறா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.