பின்சுவரில் ஒரு ஜன்னல்: உத்தேசச் செலவு ரூபா 61,500

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, எஸ்டிமேட்டாகத்தான் தொடங்கியது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில், நான் பிறந்த அதே லயத்துக் காம்பராவில் இருக்கும் என் அக்கா நிரஞ்சலா, போன மாதம் பதுளைக்கு வந்து, வீட்டைத் திருத்த என்ன செலவாகும் என்று எழுதித் தரச் சொன்னாள். நான் கந்தோரில் கிளார்க், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். சிமெந்து, மணல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"தெரியாததெல்லாம் எழுதுறியே தம்பி. இதையும் எழுது," என்றாள்.

எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு சுருக்கமாகக் கவிழ்த்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மூடுபனி போர்த்திய மலைச்சரிவில், தேயிலைத் தளிர்களின் நடுவே—"

அடித்துவிட்டேன். மூடுபனிக்கு எஸ்டிமேட்டில் இடமில்லை, அது இலவசம்.

இரண்டாவது முயற்சி: "நிரஞ்சலா இருமினாள்." நல்ல தொடக்கம்தான். ஆனால் இதை ஏற்கெனவே வேறொரு கதையில் பயன்படுத்திவிட்டேன். அந்தக் கதைக்கு ஹாலிஎலயில் ஒரு கூட்டத்தில் கைதட்டலும் ஒரு சால்வையும் கிடைத்தன. (சால்வை என்னிடம் இருக்கிறது. இருமல் அவளிடம்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். அக்கா மகள் ஜெயந்தினி படிக்க இடம் வேண்டுமென்று முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையை அடைத்து அறையாக்கினார்கள். அங்கே இருந்த அடுப்பு உள்ளே போய்ப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான்கு வருடமாக அக்கா அந்தப் புகைக்குள்தான் சமைக்கிறாள். இரண்டு தடவை மூச்சு முட்டி வார்டில் படுத்தாள். இனிப் புகையே படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் சீட்டுப் பணம் அறுபத்தையாயிரம். அதற்குள் ஒரு ஜன்னல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

(காஸ் அடுப்பு வாங்கலாமே என்று நினைக்கும் வாசகருக்கு: அடுப்பு இருக்கிறது, கட்டிலுக்கு அடியில். சிலிண்டர் விலையை விசாரித்துவிட்டு மேலே வாசியுங்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை விறகு சும்மா கிடைக்கிறது.)

3

ஜன்னல், நிலை, கண்ணாடியோடு: 35,000. சிமெந்து இரண்டு மூட்டை: 4,000. மணல்: 3,000. மேசன் பாஸுக்கு மூன்று நாள் கூலி: 12,000. எதிர்பாராச் செலவு: 7,500.

மொத்தம் 61,500. நான் எழுதியதிலேயே இறுக்கமான படைப்பு இதுதான் என்று நினைத்தேன். அக்கா கடைசி வரியில் விரலை வைத்து அது என்னவென்று கேட்டாள். இப்போது தெரியாத செலவுகளுக்கு ஒதுக்குவது என்றேன்.

"தெரிஞ்ச செலவுக்கே காசு இல்ல. தெரியாததுக்கு வேற வைக்கணுமா?" என்றாள்.

4

மேசன் புவனேந்திரன் பாஸ் தெமோதரையிலிருந்து வந்தார். தாளை வாசித்ததும் ஏத்துக்கூலி எங்கே என்றார். லொறி கோயிலடியோடு நின்றுவிடும், அங்கிருந்து தொண்ணூறு படி, மணல் தானாக நடந்து வராது. பிறகு எந்தச் சுவர் என்று கேட்டார். நான் பெருமையோடு பின்சுவரைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதைத் தொறந்தா யாரு வீடு தம்பி வரும்?"

முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம் அது. எங்கள் பின்சுவர்தான் றோசாலி அக்காவுக்கும் பின்சுவர். பத்தொன்பது வருடம் நான் அதன் ஓரத்தில் படுத்து, அவர் புருஷன் எட்வர்ட் அண்ணனின் குறட்டையைக் கேட்டுத் தூங்கியவன். பதுளையில் என் அறையின் பின்சுவருக்கு அப்பால் வெளிச்சம் இருக்கிறது. ஆறு வருடத்தில் எல்லாச் சுவரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். லயத்து வாழ்க்கையை எழுதுகிறவன் என்று என் பெயருக்கு முன்னால் போடுகிறார்கள். வெட்கமாக இருந்தது.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"நீ படிச்சவன். ஏதோ வழி வச்சிருப்பேன்னு நெனைச்சேன்," என்றாள்.

5

தட்டிய சத்தம் கேட்டு றோசாலி அக்கா சுற்றிக்கொண்டு வந்தார். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கதைக்கு ஒரு வில்லி தேவைப்பட்டது, அவரைச் சண்டைக்காரியாக்கி இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தாராளமாக வைக்கச் சொன்னார்.

"சுவரு கூரை வரைக்கும் இல்லையே. ஒங்க பொகை இப்ப மேலால சுத்தித்தான் எங்க வீட்டுக்கு வருது. ஜன்னல் வச்சா நேரா வந்துரும்."

ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டு இருதய ஆண்டவர் படத்தின் முதுகுதான் தெரியும் என்றும் சொன்னார். சிரித்தோம். அக்கா சிரிக்கப்போய் இருமத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. றோசாலி அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். எழுதி வைத்த இரண்டு பக்கத்தையும் பிறகு கிழித்துப்போட்டேன்.

6

இரண்டு பக்கமும் வீடு, முன்னால் மகளின் அறை. அதற்கும் முன்னால் ஆறடி நீட்டி, அடுப்பை அங்கே கொண்டுபோய்ப் புகைக்கூண்டு எழுப்புவதுதான் வழி என்றார் பாஸ். தோட்டத்து மேனேஜர் துரையின் அனுமதிக் கடிதம் வேண்டும், அது கிடைக்கும். ஏத்துக்கூலியோடு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். சீட்டுப் பணம் போகத் துண்டுவிழுவது ஒரு லட்சத்து இருபத்தையாயிரம்.

இந்த இடத்தில் நான் எழுத வேண்டிய வாக்கியம்: "அப்போது என் கணக்கில்—"

இன்னொரு முறை: "புத்தகம் அச்சடிக்கவென்று நான் சேர்த்து வைத்திருந்த—"

சரி. ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முந்நூறு பிரதி. முதல் கதை, "நிரஞ்சலா இருமினாள்" என்று தொடங்குவது.

அக்கா தாளை மடித்து என்னிடமே தந்தாள். முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சரி விடு தம்பி, பொறகு பாப்போம். ஒம் புத்தகம் எப்ப வருது?"

7

முடிவு (அ): தம்பி பணத்தைக் கொடுக்கிறான். புகைக்கூண்டு எழும்புகிறது, அக்கா கண்கலங்குகிறாள். இதை எழுதும்போது என் கதாநாயகன் கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தான். நம்ப முடியவில்லை.

முடிவு (ஆ): புத்தகம் வருகிறது. முதல் பிரதி அக்காவுக்கு. அவள் அதைத் தொட்டுக் கும்பிட்டு வைத்துக்கொள்கிறாள், ஈர விறகு பிடிக்காத நாளில் அதாலேயே அடுப்பை விசிறுகிறாள். இதை நான் நம்புகிறேன்.

முடிவு (இ):

வரவு
நிரஞ்சலா (சீட்டு): 65,000
தம்பி: ..................

புள்ளிக்கோட்டை விட்டிருக்கிறேன். வாசகருக்கு இடம் விட வேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இப்போது தப்பித்துக்கொள்ளக் கைகொடுக்கிறது. தொகையை நீங்களே போடுங்கள். என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை.

ஆனால் நீங்கள் யோசிக்கும் நேரமெல்லாம் அக்கா அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் சமைத்துக்கொண்டிருப்பாள்.